டிஸ்னிக்குள்ளேயே ஆறு நாளா? அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க படிச்சுட்டு டிக்கெட் போடுங்க

1)
"டாக்டர், ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு கூட்டிட்டுப் போறோம். ஆறு நாள். ரிசார்ட் உள்ளேயே ரூம் போட்டாச்சு. அப்பாவுக்கு சுகர், பிரஷர். அம்மாவுக்கு முட்டி வலி. என்னென்ன மாத்திரை எடுத்துட்டுப் போகணும்?"

லீவு சீசன் வந்தா இப்படி மெசேஜ் வர ஆரம்பிச்சுடும். மாத்திரை லிஸ்ட் கடைசியில் தர்றேன். முதல்ல அந்த "ஆறு நாள்" பத்திப் பேசணும்.

2)
என் கருத்தை நேரா சொல்லிடறேன்.

ரிசார்ட்டுக்குள்ள தங்கறது தப்பே இல்ல. சில குடும்பங்களுக்கு அதுதான் வசதி. ஆனா அறுபது வயசுக்கு மேற்பட்டவங்களையும் கூட்டிட்டுப் போய், அஞ்சு ஆறு நாளையும் பார்க்குக்கு உள்ளேயே கழிக்கிறது உடம்புக்கு நல்லதில்ல. அவ்வளவு தூரம் வந்ததுக்கு நியாயமும் இல்ல. அந்த ஆறில் ரெண்டு நாளாவது கேட்டைத் தாண்டி வெளியே போங்க.

ஏன், எங்கே, எப்படி? ஒவ்வொன்னா பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

3)
முதல்ல அந்த இடத்தோட அளவு.

சுமார் 25,000 ஏக்கர். அதாவது கிட்டத்தட்ட 100 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியோட மொத்தப் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதுல கால்வாசி அளவுக்கு ஒரே கம்பெனியோட இடம்னு வச்சுக்குங்க.

உள்ளே நாலு தீம் பார்க். மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டுடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998). ரெண்டு வாட்டர் பார்க். இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். சொந்த பஸ், மோனோரயில், படகு. 2019ல் இருந்து தலைக்கு மேல போற ரோப் கார் வேற.

ஒரு வாரம் தங்கினாலும் வெளி ரோட்டையே பார்க்காம திரும்ப முடியும். நிறையப் பேர் அப்படித்தான் திரும்பறாங்க.

4)
இது தற்செயலா அமைஞ்சது இல்ல. திட்டம் போட்டுக் கட்டினது.

வால்ட் டிஸ்னி 1955ல் கலிபோர்னியாவுல முதல் டிஸ்னிலேண்டைத் திறந்தார். கொஞ்ச நாள்லயே அதைச் சுத்தி மோட்டல், சாப்பாட்டுக் கடைன்னு அடுத்தவங்க கட்டிட்டாங்க. கூட்டத்தைக் கூட்டினது இவர், வெளியே வியாபாரம் பார்த்தது மத்தவங்க. இது அவருக்குப் பிடிக்கல.

அதனால ஃப்ளோரிடாவில் வேற வழி பிடிச்சார். யார் வாங்கறாங்கன்னு தெரிஞ்சா விலை ஏறிடும்னு, வேற வேற கம்பெனிப் பேர்கள்ல ரகசியமா நிலம் வாங்கினாங்க. சுமார் 27,000 ஏக்கர். சராசரி விலை ஏக்கருக்கு 200 டாலருக்கும் கீழே. 1965 நவம்பர்ல விஷயத்தை அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் டிசம்பர்ல அவர் இறந்துட்டார். 1971 அக்டோபர் 1ல் பார்க் திறந்தது.

5)
இன்னொன்னும் பண்ணாங்க. 1967ல் ஃப்ளோரிடா சட்டமன்றம் அந்த நிலத்துக்குன்னே தனி நிர்வாக மாவட்டத்தை உருவாக்கிக் கொடுத்தது. ரோடு, வடிகால், தீயணைப்பு எல்லாமே அவங்க கையில. 2023ல்தான் அதை மாத்தி, மாநில கவர்னர் நியமிக்கிற வாரியத்துக்குக் கீழே கொண்டு வந்தாங்க.

எதுக்கு இவ்வளவு வரலாறு? "வெளியே போகணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல டாக்டர்"னு சொல்றீங்களே, உங்களுக்கு அப்படித் தோணக்கூடாதுன்னுதான் அந்த இடத்தையே கட்டினாங்க. அதுல சதி ஒன்னும் இல்ல, வியாபாரம். ஆனா அது அவங்க திட்டம்னு தெரிஞ்சுகிட்டு நம்ம திட்டத்தைப் போடணும்.

6)
நல்லதையும் சொல்லணும். ஒரு டாக்டரா எனக்கு அந்த இடத்துல ரொம்பப் பிடிச்ச விஷயம் கொசு ஒழிப்பு.

ஃப்ளோரிடா சதுப்பு நிலம். கொசுவுக்குச் சொர்க்கம். ஆனா டிஸ்னிக்குள்ள கொசுக்கடி அரிதாத்தான் இருக்கும். காரணம் ஜோ பாட்டர்னு ஒரு ராணுவ எஞ்சினியர். பனாமா கால்வாய் மண்டலத்தோட கவர்னரா இருந்தவர். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளைக் கொன்ன இடம் அது. கொசுவை அடக்கின பிறகுதான் அந்தக் கால்வாயையே வெட்டி முடிக்க முடிஞ்சது. அந்த அனுபவத்தோட வந்தவர் டிஸ்னி நிலத்துல தண்ணி எங்கேயும் தேங்காம ஓடற மாதிரி வாய்க்கால் அமைச்சார்.

அங்கே காவல் கோழிகள்கூட வளர்க்கறாங்க. அதுங்க ரத்தத்தை அப்பப்போ சோதிச்சு, கொசு மூலம் பரவற வைரஸ் வந்திருக்கான்னு கண்டுபிடிப்பாங்க. கோழிக்கு நோய் வராது, எச்சரிக்கை மட்டும் வந்துடும்.

தேங்கற தண்ணியை ஒழிச்சா கொசு ஒழியும். டெங்கு சீசன்ல நான் இங்கே கத்தறதும் இதைத்தான்.

7)
அப்போ உள்ளே எல்லாம் சரியா இருக்கே, ஏன் வெளியே போகணும்?

டிக்கெட் கணக்குல இருந்து ஆரம்பிப்போம்.

டிஸ்னி டிக்கெட்ல நாள் கூடக் கூட, ஒரு நாளைக்கு ஆகற விலை குறையும். முதல் சில நாள்தான் பெரிய செலவு. அஞ்சாவது, ஆறாவது நாளைச் சேர்க்க மேல கொஞ்சம் கொடுத்தா போதும். "இவ்வளவுதானே, சேர்த்துடலாம்"னு தோணும். துணிக்கடையில ரெண்டு எடுத்தா மூணாவது பாதி விலைன்னு சொன்னா தேவையே இல்லாத சட்டையும் வீட்டுக்கு வருமே, அதே கதை.

அந்த ஆறாவது நாளுக்கு டாலர் கம்மியாத்தான் கேப்பாங்க. மீதியை உங்க அம்மாவோட முட்டி கொடுக்கும்.

8)
உடம்புக் கணக்கு இதோ.

பார்க்ல ஒரு முழு நாள் இருந்தா 15,000ல இருந்து 20,000 அடி நடக்கறது சர்வ சாதாரணம். எப்காட்ல ஏரியைச் சுத்தி பல நாட்டு அரங்குகள் இருக்குமே, அதை ஒரு சுத்து சுத்தினாலே 2 கிலோமீட்டர். அதுக்கு மேல வரிசையில நிக்கற நேரம். முட்டித் தேய்மானம் இருக்கறவங்களுக்கு நடக்கறதை விட, ஒரே இடத்துல நிக்கறது பல நேரம் கஷ்டம்.

ஊர்ல தினமும் காலையில அரை மணி நேரம் வாக்கிங் போற அப்பாவுக்கு இது அஞ்சாறு மடங்கு. ஒரு நாள் தாங்குவார். ரெண்டாவது நாளும் சமாளிப்பார். மூணாவது நாள் கால் வீங்கும். நாலாவது நாள் "நான் ரூம்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லுவார்.

9)
"நாங்க பார்க்காத வெயிலா டாக்டர்?"

பார்த்திருக்கீங்க. ஆனா சென்னையிலயோ மதுரையிலயோ மே மாசம் மதியம் பன்னெண்டு மணிக்கு உங்க அப்பா வெளியில நாலு மணி நேரம் நடக்கறாரா? விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்கறார்.

ஆர்லாண்டோவில் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மதியம் 32, 33 டிகிரி. கூடவே கடுமையான புழுக்கம். வியர்வை காயாது. காயலைன்னா உடம்பு குளிராது. சாயங்காலம் இடி மின்னல் மழை வேற. அமெரிக்காவிலேயே மின்னல் அதிகமா விழற மாநிலங்கள்ல ஃப்ளோரிடா முன்னணியில இருக்கு.

10)
வயசானவங்க உடம்புல மூணு விஷயம் மாறியிருக்கும். தாகம் லேட்டா தெரியும். வியர்வை குறைவா சுரக்கும். சாப்பிடற மாத்திரைகளும் சேர்ந்துக்கும்.

பிரஷருக்குக் கொடுக்கற நீர் பிரியும் மாத்திரை உடம்புல இருந்து தண்ணியை வெளியேத்தும். சுகருக்கு இப்போ நிறையப் பேர் சாப்பிடற டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியா அனுப்பும், கூடவே தண்ணியும் போகும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துட்டு, வழக்கத்தை விட அஞ்சு மடங்கு நடந்து, சாப்பாடும் லேட்டானா லோ சுகர் வரலாம்.

யாரும் பயந்து மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. போறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட "தினமும் இவ்வளவு நடக்கப் போறேன்"னு சொல்லி, டோஸ் மாத்தணுமான்னு கேளுங்க.

11)
இதை விட முக்கியமானது ஒன்னு இருக்கு. அம்மாக்கள் தண்ணி குடிக்க மாட்டாங்க.

தாகம் இல்லாம இல்ல. "பாத்ரூம் எங்கே இருக்குன்னு தெரியல, தெரிஞ்சாலும் அவ்வளவு தூரம் போகணும், எனக்காக எல்லாரும் நிக்கணும், எதுக்கு வம்பு"ன்னு குடிக்காம இருந்துடுவாங்க. ஊர்ல கல்யாணத்துக்கு பஸ்ல போகும்போது பண்றதை அங்கேயும் பண்ணுவாங்க. ரெண்டு நாள் இப்படி இருந்தா தலைசுத்தல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்றுன்னு வரிசையா வரும்.

அவங்க வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. "பிள்ளை இவ்வளவு டாலர் செலவு பண்ணியிருக்கான், நான் முடியலைன்னு சொன்னா மனசு கஷ்டப்படும்." கிளினிக்ல என்கிட்ட வந்துதான் சொல்லுவாங்க. உங்ககிட்ட "சூப்பரா இருந்துச்சுப்பா"ன்னுதான் சொல்லுவாங்க.

12)
"வீல்சேர் எடுத்துக்கலாமே?"

தாராளமா எடுங்க. எல்லா பார்க்லயும் வாடகைக்குக் கிடைக்கும். வெட்கப்பட ஒன்னும் இல்ல. ஆனா வரிசையில நிக்காம போற சலுகையை நம்பிப் போகாதீங்க. 2024ல விதியை மாத்தி, ஆட்டிசம் மாதிரி வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்குன்னு அதைச் சுருக்கிட்டாங்க. முட்டி வலிக்கு வீல்சேர் எடுத்துட்டு வரிசையில போங்கன்னுதான் சொல்லுவாங்க.

வீல்சேர் காலைக் காப்பாத்தும். வெயில், சத்தம், ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சு ரூமுக்கு வந்து திரும்பக் காலையில ஓடற தூக்கக் குறைவு, இதுக்கெல்லாம் வீல்சேர் மருந்தில்ல. அதுக்கு மருந்து இடையில ஒரு அமைதியான நாள்.

13)
நான் எழுதித் தர்ற பிரிஸ்கிரிப்ஷன் இதுதான்: ரெண்டு நாள் பார்க், மூணாவது நாள் வெளியே. மறுபடி ரெண்டு நாள் பார்க், ஆறாவது நாள் வெளியே.

வெளியேன்னா இன்னொரு ரைடு, இன்னொரு அவுட்லெட் மால் இல்ல. உக்கார இடம், நிழல், அவங்களுக்குப் புரியற விஷயம் இருக்கற இடம். டிஸ்னியில இருந்து காரில் ஒன்னு, ஒன்னேகால் மணி நேரத்துக்குள்ள அப்படி எத்தனையோ இருக்கு. சிலதைச் சொல்றேன்.

14)
முதல் இடம்: வெக்கைவா ஸ்பிரிங்ஸ்.

நடு ஃப்ளோரிடாவுக்கு அடியில சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணி அதுக்குள்ள இறங்கி, ஊற்றாப் பொங்கி வெளியே வருது. வருஷம் முழுக்க சுமார் 22 டிகிரி. கோடையில குளிர்ச்சி, குளிர்காலத்துல இதம். பேரப்பிள்ளைங்க குளிப்பாங்க. தாத்தா பாட்டி கரையில மர நிழல்ல உக்காந்து டப்பாவில கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிடலாம். இது ஸ்டேட் பார்க். ஒரு காருக்கு இவ்வளவுன்னு சில டாலர்தான் நுழைவுக் கட்டணம்.

எச்சரிக்கை ரெண்டு. குளிக்க ஒதுக்கின இடத்துல மட்டும் இறங்குங்க, ஃப்ளோரிடா தண்ணியில முதலை உண்டு. சுகரால கால் மரத்துப் போனவங்க செருப்பில்லாம கல்லு மேல நடக்கவே கூடாது.

லீவு நாள்ல கூட்டம் நிறைஞ்சுட்டா கேட்டை மூடிடுவாங்க. காலையிலேயே போயிடுங்க.

15)
ரெண்டாவது: ப்ளூ ஸ்பிரிங். நவம்பர் நடுவுல இருந்து மார்ச் வரைக்கும் போறவங்க இதைத் தவற விடாதீங்க.

மானட்டின்னு ஒரு பெரிய சாதுவான பிராணி. புல் தின்னும் நீர்வாழ் பாலூட்டி. ஆத்துத் தண்ணி குளிர்ந்துட்டா அதால தாங்க முடியாது. அதனால வெதுவெதுப்பான இந்த ஊற்றுக்கு நூற்றுக்கணக்குல வந்து சேரும். கரையோரமா மரப்பலகை நடைபாதை போட்டிருக்காங்க. அங்கே நின்னு பார்க்கலாம். அந்த மாசங்கள்ல ஊற்றுல மனுஷங்க இறங்கக் கூடாது. தண்ணி அதுங்களுக்கு.

நம்ம ராமநாதபுரம், தஞ்சாவூர் கடற்கரை ஆளுங்க ஆவுளியான்னு சொல்ற கடற்பசு இதோட சொந்தக்காரன். அதைக் காப்பாத்தத்தான் 2022ல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமா அறிவிச்சது. நம்ம கடல்ல அதை நேர்ல பார்க்கறது அபூர்வம். அங்கே ஒரு குளிர்காலக் காலையில அதோட சொந்தக்காரங்களைக் கூட்டமா பார்க்கலாம்.

16)
மூணாவது: கென்னடி விண்வெளி மையம். டிஸ்னியில இருந்து கிழக்கே ஒன்னேகால் மணி நேரம்.

1969 ஜூலை 16ல் அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பின இடம். நம்ம அப்பாக்கள் தலைமுறை சின்ன வயசுல ரேடியோவிலும் பேப்பர்லயும் கேட்ட செய்தி அது. நிலவுக்குப் போன ரகத்துல ஒரு முழு சாட்டர்ன் 5 ராக்கெட்டை அங்கே படுக்க வச்சிருக்காங்க. 363 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடின்னா, கணக்குப் போட்டுக்குங்க.

33 முறை விண்வெளிக்குப் போய் வந்த அட்லாண்டிஸ் ஓடமும் அங்கேதான் இருக்கு. அதே கட்டடத்துல சேலஞ்சர், கொலம்பியா ரெண்டு ஓடங்கள்லயும் இறந்த 14 பேருக்கான நினைவிடம். அதுல கல்பனா சாவ்லாவும் ஒருத்தர். 2003 ஜனவரி 16ல் அவங்க கடைசியா கிளம்பினதும் இந்தக் கென்னடியில இருந்துதான். அந்த இடத்துல தாத்தா பேத்திக்குக் கதை சொல்ற நிலைமையில இருப்பார். டிஸ்னியில பேத்திதான் தாத்தாவுக்கு எல்லாத்தையும் விளக்கணும்.

17)
நாலாவது: விண்டர் பார்க். பேர்ல பார்க் இருக்கு, ஆனா அது ஊர்.

1938ல இருந்து ஒரு படகுச் சவாரி நடக்குது. ஒரு மணி நேரம். உக்காந்துட்டே ஏரிகளையும் இடையில இருக்கற குறுகலான கால்வாய்களையும் பார்த்துட்டு வரலாம். பக்கத்துல மோர்ஸ் மியூசியம். லூயிஸ் டிஃபனி செஞ்ச வண்ணக் கண்ணாடி வேலைகள் அங்கே நிறைய. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் செஞ்ச சிற்றாலயம் முழுசா இருக்கு. விவேகானந்தர் பேசின சர்வமத மாநாடு நடந்தது அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான்னு சொல்லுங்க, அம்மா நின்னு பார்ப்பாங்க.

அங்கிருந்து பத்து நிமிஷத்துல ஈட்டன்வில். 1887ல் கறுப்பின மக்கள் தங்களுக்குன்னு முறையா உருவாக்கின ஊர். அமெரிக்காவிலேயே அப்படி உருவான முதல் ஊர்கள்ல ஒன்னு. எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் வளர்ந்தது இங்கேதான். பெருசா காட்சி ஒன்னும் இருக்காது. ஆனா அமெரிக்காவுல வளர்ற உங்க பிள்ளைங்க இந்த ஊரோட பேரையாவது தெரிஞ்சு வச்சுக்கணும்.

18)
அஞ்சாவது: போக் டவர் கார்டன்ஸ், லேக் வேல்ஸ். டிஸ்னிக்குத் தெற்கே ஒரு மணி நேரம்.

எட்வர்ட் போக் ஆறு வயசுல நெதர்லாந்துல இருந்து வந்தவர். இங்கிலீஷ் தெரியாம பள்ளிக்கூடம் போனவர், பின்னாடி பெரிய பத்திரிகை ஆசிரியரா ஆனார். தன்னை வாழ வச்ச நாட்டுக்கு நன்றியா ஒரு தோட்டமும் 205 அடி உயர மணிக்கோபுரமும் கட்டிக் கொடுத்தார். 1929ல் ஜனாதிபதி கூலிட்ஜ் வந்து திறந்து வச்சார். கோபுரத்துல 60 மணிகள் இருக்கு. வாசிக்கும்போது மரத்தடியில பெஞ்சுல உக்காந்து கேட்டா போதும்.

விசா, கிரீன் கார்டுன்னு அலையற நம்ம பிள்ளைங்க குடும்பத்தோட போக வேண்டிய இடம்.

19)
இன்னொன்னு. இது டூரிஸ்ட் இடம் இல்ல, ஒரு ரோடு.

டிஸ்னியை விட்டு வெளியே வந்தா கிஸ்ஸிமி பக்கம் 192ஆம் எண் நெடுஞ்சாலை. ரெண்டு பக்கமும் பழைய மோட்டல்கள். ஒரு காலத்துல டூரிஸ்டுகளுக்காகக் கட்டினது. இப்போ பலதுல வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்ட முடியாத குடும்பங்கள் வாரக் கணக்குல வாடகை கொடுத்து வாழறாங்க. 2017ல் வந்த தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட் படம் இதைத்தான் காட்டிச்சு.

உங்க ரூமைச் சுத்தம் பண்றவங்க, பர்கர் போடறவங்க மாதிரி ஆட்கள் வேலை முடிஞ்சு போறது இந்த மாதிரி ரோடுகள் வழியாத்தான். யாரையும் வேடிக்கை பார்க்கச் சொல்லல. கார்ல அந்தப் பக்கமா போகும்போது பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. காலையில ரூமை விட்டுக் கிளம்பும்போது மேஜை மேல டிப்ஸ் வச்சுட்டு வாங்க.

20)
"பிள்ளைங்க அழுவாங்களே?"

அழுவாங்க. அதனால குடும்பத்தைப் பிரிச்சுக்குங்க. ஒருத்தர் பிள்ளைங்களோட பார்க்குக்குப் போங்க. இன்னொருத்தர் பெரியவங்களோட விண்டர் பார்க் படகுக்குப் போங்க. சாயங்காலம் ஒன்னா சாப்பிடுங்க. எல்லாரும் எல்லா நேரமும் ஒன்னாவே இருக்கணும்னு எந்த ரூலும் இல்ல.

"இனிமே எப்போ வரப் போறோம், முழுசா பார்த்துடலாமே?"

அப்பாவுக்கு இப்போ எழுபது. அடுத்த தடவை விசா எடுத்து, பதினெட்டு இருபது மணி நேரம் ஃப்ளைட்ல உக்காந்து வருவாரான்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் சொல்றேன். நாலாவது நாளை ரூம்ல கால் வீங்கிப் படுத்துக் கழிக்க வைக்காதீங்க. உங்க பிள்ளைங்க டிஸ்னிக்குத் திரும்ப எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம்.

21)
உள்ளேயே இருந்துக்கிறது யாருக்குச் சரி?

மொத்தமே ரெண்டு மூணு நாள்தான் இருக்குன்னா, உள்ளேயே இருங்க.
மூணுல இருந்து எட்டு வயசுப் பிள்ளைங்க மட்டும் உள்ள இளம் குடும்பம்னா, உள்ளேயே இருங்க. மதியம் ரூமுக்கு வந்து தூங்க வச்சுட்டுத் திரும்பப் போகலாம், அது பெரிய வசதி.
கார் ஓட்ட ஆள் இல்லைன்னா, உள்ளேயே இருங்க. நடு ஃப்ளோரிடாவில் பஸ்ஸை நம்பி ஊர் சுத்த முடியாது. ஆனா ஒரு நாளைக்கு மட்டும் டாக்சி எடுத்து விண்டர் பார்க் போகலாம்.

ரிசார்ட்ல தங்கறவங்களுக்குப் பார்க் திறக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே உள்ளே விடுவாங்க. வெயில் காலத்துல அந்த அரை மணி நேரம் தங்கம். காலையில சீக்கிரம் போய், பதினொரு மணிக்கு ரூமுக்கு வந்து, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல திரும்பப் போங்க. பெரியவங்களோட உள்ளே தங்கறதா இருந்தா இதுக்காகத்தான் தங்கணும்.

22)
இப்போ நீங்க கேட்ட லிஸ்ட். உள்ளே போனாலும் வெளியே போனாலும் இது வேணும்.

* வழக்கமான மாத்திரைகள், பிரிஸ்கிரிப்ஷன் நகலோட. கைப்பையில வைங்க.
* குளுக்கோமீட்டர். குளுக்கோஸ் மாத்திரை அல்லது மிட்டாய் எப்பவும் பாக்கெட்ல.
* இன்சுலின் எடுக்கறவங்க: திறக்காத பேனா ரூம் ஃப்ரிட்ஜ்ல. திறந்த பேனா கூலிங் பையில. நிறுத்தின கார்ல ஒரு நிமிஷம்கூட வைக்காதீங்க.
* ஓஆர்எஸ் பாக்கெட். இதய நோய், சிறுநீரக நோய் இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு.
* பழகின ஷூ. பயணத்துக்குன்னு புது ஷூ வாங்கிப் போட்டுட்டுப் போகாதீங்க. தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க, கொப்புளம் இருக்கான்னு.
* தொப்பி, குடை, பருத்தித் துணி.
* ஊற்று, காடுன்னு போற நாள்ல கொசு விரட்டி. காவல் கோழி அங்கே வராது.

23)
சாப்பாடு: டிஸ்னி பார்க்குக்குள்ள வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. சப்பாத்தி, இட்லிப்பொடி தடவின இட்லி, பழம் எடுத்துட்டுப் போங்க. கவுண்டர் உணவகங்கள்ல ஐஸ் தண்ணி இலவசமா கொடுப்பாங்க, கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு பார்க்லயும் முதலுதவி மையம் இருக்கு. போன உடனே அது எங்கேன்னு பார்த்து வைங்க.

இன்சூரன்ஸ்: ஊர்ல இருந்து வர்ற பெற்றோருக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் இல்லாம கூட்டிட்டுப் போகாதீங்க. பல பாலிசிகள் ஏற்கனவே இருக்கற நோய்க்குப் பணம் தராது. சிலது திடீர்னு தீவிரமானா மட்டும் தரும். வாங்கறதுக்கு முன்னாடி அந்த வரியைப் படிங்க. அமெரிக்க எமர்ஜென்சி பில் உங்க மொத்த டிரிப் செலவைத் தாண்டிடும்.

அபாய அறிகுறி: வெயில்ல இருந்தவர் குழப்பமா பேசறார், நடக்கத் தள்ளாடறார், உடம்பு கொதிக்குதுன்னா, அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். உடனே 911. நிழலுக்குக் கொண்டு போய் உடம்புல தண்ணி ஊத்துங்க, விசிறுங்க. மயக்கமா இருக்கறவர் வாயில எதுவும் ஊத்தாதீங்க. மார்பு வலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குதுன்னாலும் தள்ளிப் போடாதீங்க.

24)
கடைசியா ஒரு வேலை.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட தனியா, அம்மாகிட்ட தனியா கேளுங்க. "என்ன பார்க்கணும்?"னு மட்டும் கேட்டா "உனக்கு எது சௌகரியமோ"ன்னுதான் பதில் வரும். அதனால இப்படிக் கேளுங்க: "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்க முடியும்? மதியம் தூங்கணுமா? ராக்கெட் பார்க்கணுமா, படகுல போகணுமா?" பதில் வரும். அதை வச்சு நாள் கணக்கைப் போடுங்க.

டிக்கெட் ஏற்கனவே ஆறு நாளுக்கு வாங்கிட்டீங்கன்னா பரவாயில்ல. வாங்கிட்டோமேன்னு ஆறு நாளும் இழுத்துட்டுப் போகணும்னு கட்டாயம் இல்ல. அந்த ரெண்டு நாளை விட்டுட்டு வெளியே போங்க.

ஊர்ல இருந்து பெற்றோர் வர்ற வீடு உங்களுக்குத் தெரிஞ்சா இதை அனுப்புங்க. கேள்வி இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.